கூபர் பீடியில் ஒரு மாதம்: அக்கா வீடா, குகை வீடா?

போன கோடை விடுமுறையில் (அங்கே கோடை டிசம்பர், ஜனவரியில்) ஒரு மாதம் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் இருந்தோம். அக்கா அங்கே நர்ஸ். அடிலெய்டிலிருந்து வடக்கே 850 கிலோமீட்டர், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஒரு முழுப் பகல் காரிலேயே போய்விடும். முதல் பத்து நாள் அக்கா வீட்டில் தங்கினோம், மீதி நாள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் பிடித்த குகை வீட்டில். ஊரில் அதை டக்அவுட் என்பார்கள். 1915-இல் ஓப்பல் என்ற ரத்தினக்கல் கிடைத்த பிறகு வளர்ந்த ஊர் இது, வெயில் தாங்காமல் ஜனங்கள் பாறையைக் குடைந்து உள்ளேயே குடியேறிவிட்டார்கள். இன்றும் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

செலவு, சாப்பாடு, பேச்சுத் துணை மூன்றிலும் அக்கா வீடுதான், அதில் சந்தேகமே இல்லை. சாமான் அறையைத் திறந்தால் இரண்டு மூட்டை அரிசி, துவரம்பருப்பு, புளி எல்லாம் ஒரு கல்யாணத்துக்குக் காணும். 2022 ஜனவரியில் வெள்ளம் வந்து நெடுஞ்சாலை துண்டாகி, விமானப்படை விமானத்தில் சாப்பாட்டுச் சாமான் வந்து இறங்கிய ஊர் இது. அதனால் அவளை நான் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது வெயில். வெயில் அடிக்கிறது என்பதல்ல, அது வீட்டை என்ன செய்கிறது என்பது. அக்காவுக்கு மூன்று படுக்கையறை. இரண்டு குடும்பம், எட்டுப் பேர், தாராளமாகப் போதும் என்றுதான் நினைத்தோம். ஏசி ஹாலில் மட்டும். அறைகளுக்கு ஏர் கூலர். காய்ந்த ஊர் என்பதால் கூலர் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது வெளிக்காற்றை இழுத்துத்தான் குளிரவைக்கிறது. புழுதிக்காற்று கிளம்பினால் உடனே நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் தலையணை உறை வரைக்கும் செம்மண். வெளியே 44 டிகிரி, கூலரும் நின்றுவிட்டது என்றால் எட்டுப் பேரும் ஹாலுக்குத்தான். ஆக, மூன்று படுக்கையறை வீடு மதியமானால் ஒற்றை அறை வீடு. அதில் பிள்ளைகளுக்கு டிவி, மாமாவுக்கு போன், நைட் டியூட்டி முடித்து வந்த அக்கா ஓரமாகப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். மின்கட்டணத்தில் பாதி தருகிறேன் என்றால் அடிக்க வருகிறாள். சொந்தக்காரர்களுக்குள் மனஸ்தாபம் பெரிய விஷயத்தில் வருவதில்லை, இப்படித்தான் வருகிறது.

வேறு வீடு பார்த்திருக்கிறோம் என்றதும் "ஏண்டி, என் வீட்டுல இடமில்லைன்னா போற?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

குகை வீட்டில் முதலில் தெரிவது குளிர்ச்சி அல்ல, அமைதி. சுவரில் குடைந்த இயந்திரத்தின் வட்ட வட்டத் தடங்கள் இளஞ்சிவப்பில் அப்படியே இருக்கின்றன. புழுதி உதிராமல் இருக்க மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள். அலமாரிகூட பாறையிலேயே வெட்டியது. வெயில் காலத்திலும் உள்ளே 24, 25 டிகிரிதான், ஏசியும் கிடையாது கூலரும் கிடையாது. எல்லா அறையும் ஒரே மாதிரி இருப்பதால் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடலாம். எட்டுப் பேர் கூடியிருந்தாலும் நெரிசல் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. விளக்கை அணைத்தால் கண்முன் கையை ஆட்டினாலும் தெரியாது. சின்னவள் முதல் ராத்திரி அலறிவிட்டாள், அப்புறம் குட்டி விளக்கு ஒன்று விடிய விடிய எரிந்தது. விடிந்ததே தெரியாமல் ஒன்பதரை வரை தூங்கினோம். உள்ளறைகளில் போன் சிக்னல் கிடையாது. சமையலறை முன்பக்கம் வாசலை ஒட்டி இருந்ததால் தாளிப்புப் புகை வெளியேறிவிட்டது. அது உள்ளே தள்ளி இருக்கிற வீடு என்றால் எடுக்க வேண்டாம், மிளகாய் வறுத்த நெடி ஒரு வாரம் உங்களோடு குடியிருக்கும். சாப்பாடு பெரும்பாலும் அக்கா வீட்டில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால் குகைச் சமையலில் எனக்கு அனுபவம் கம்மி.

நாங்கள் குடிமாறி நாலாம் நாள் காலை, டியூட்டி முடித்து அக்கா வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்தாள். கையில் தலையணை. கோபம் தீர்ந்ததா என்று கேட்பதற்குள் பின்னறைக்குள் போய்விட்டாள், மூன்று மணிக்குத்தான் எழுந்தாள். மறுநாளும் வந்தாள்.

குளிர்காலக் கணக்கு வேறாக இருக்கலாம், ஜூலையில் நான் அங்கே இருந்ததில்லை. பகல் இதமாக இருக்குமாம், ராத்திரிதான் நடுக்குமாம். அப்போது அக்கா வீட்டு அறைகளில் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு இழுப்பு உண்டு, பாறைத் தூசி ஒத்துக்கொள்ளுமா தெரியாது, அவரோடு போனால் நானே குகை கேட்க மாட்டேன். டிசம்பர், ஜனவரி என்றால் மட்டும் அரிசி மூட்டை அக்கா வீட்டில், படுக்கை குகையில். போன வாரமே அந்த வீட்டுக்காரருக்கு போன் போட்டு அடுத்த ஜனவரிக்குச் சொல்லிவைத்தாயிற்று. சொல்லிவைத்தது அக்கா.