தோட்டக் கதவுக்குக் கொல்லர் பட்டறைக் கீல்: பல மழைக்குப் பிறகு

சிவகங்கைப் பக்கம் எங்கள் தோட்டத்து வாசலில் இருப்பது வேங்கைப் பலகைக் கதவு. நாலடி அகலம், நாலரை அடி உயரம். நாற்பது கிலோவுக்குக் குறையாது. 2018-ல் இதற்கு வேண்டிய கீல், முளை (கீல் மாட்டித் திரும்புகிற கம்பி), கொண்டி, நாதாங்கி, இழுப்பு வளையம் எல்லாவற்றையும் பக்கத்து ஊர்க் கொல்லாசாரியிடம் சொல்லி அடித்து வாங்கினோம். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "அழகுக்காக இவ்வளவு செலவா?" என்றுதான். அழகு இருக்கிறது. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது வேறு காரணத்துக்காக.

கடையில் விற்கிற பட்டைக் கீல் முழுக்க ஒரே கனத்தில் இருக்கும். எங்களுடையது 50 மி.மீ. அகலமும் 8 மி.மீ. கனமும் உள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையில் ஆரம்பித்தது. முளையில் மாட்டுகிற கண் பக்கம் அதே கனம். அங்கிருந்து மெலிந்துகொண்டே போய் நுனியில் 3 மி.மீ. ஆகிவிடுகிறது. கதவின் பாரம் விழுவது கண்ணை ஒட்டித்தான், நுனிக்கு அத்தனை வேலை இல்லை. மெலிய அடிக்க அடிக்க இரும்பு நீளும். அதனால் சின்னத் துண்டே பலகைகளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கதவின் பாதி அகலத்தையும் தாண்டி ஓடுகிறது. பாரம் இல்லாத அந்த மெல்லிய நுனியில்தான் ஆசாரி அரசிலை வடிவத்தை விரித்திருக்கிறார். அலங்காரம் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்திருக்கிறது.

கண் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டையின் முனையைச் சுருட்டினால் மட்டும் போதாது, பாரம் இழுக்க இழுக்க அந்தச் சுருள் விரிந்து கொடுக்கும். "கண்ணு விரிஞ்சா கதவு சாஞ்சிடும் தம்பி, வாயை ஒட்டிடணும்" என்றார் ஆசாரி. சுருட்டிய முனை திரும்பிப் பட்டையைத் தொடும் இடத்தில் வெண்காரத்தை (போராக்ஸ்) தூவி மறுபடியும் உலையில் வைத்தார். மஞ்சளும் தாண்டி வெள்ளையாகி, ஒன்றிரண்டு பொறி பறக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்துச் சட்சட்டென்று நாலைந்து தட்டு. வேகம்தான், பலமான அடி இல்லை. ஆறியபின் சேர்ந்த இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று வரை இரண்டு கண்ணும் இம்மி விரியவில்லை, கதவின் மூலை தரையில் உரசவும் இல்லை.

முளைகளைக் கல்லுக்காலில் குழி வெட்டி, ஈயத்தை உருக்கி ஊற்றி நிறுத்தினோம். குழியில் பொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும், அதனால் முதலில் குழியைச் சூடு காட்டிக் காய வைத்தார்கள். கீழ் முளை மேல்நோக்கியும் மேல் முளை கீழ்நோக்கியும் இருக்கிறது. இரண்டும் மேல்நோக்கி இருந்தால் மாடு கொம்பைக் கொடுத்துக் கதவையே தூக்கிவிடும்.

குறை என்றால் துருதான். அது நான் நினைத்த இடத்தில் வரவில்லை. வெயிலும் மழையும் நேராகப் படுகிற முன்பக்கம் கறுத்து நன்றாகவே இருக்கிறது. பட்டறையிலேயே இளஞ்சூட்டில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக் கொடுத்தார், அதையே வருஷா வருஷம் நான் தேய்க்கிறேன். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ காயாது, தூசியைத்தான் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து ஏடு கட்டும். துரு பிடித்தது இரும்பும் மரமும் ஒட்டுகிற பின்பக்கத்தில். அங்கே ஏறிய ஈரம் லேசில் காய்வதில்லை. போதாததற்கு வேங்கையில் துவர்ப்புச் சத்து அதிகம், இரும்போடு சேர்ந்ததும் மரத்தில் கருநீலக் கறை இறங்கிவிடும். 2021 கோடையில் கீலைக் கழற்றி, பின்பக்கத்துக்கு மட்டும் துருத் தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்து மாட்டினேன். அதன்பின் கறை பரவவில்லை.

பூ வேலையிலும் எல்லாம் ஒன்றுபோல நிற்கவில்லை. இலையில் உளியால் போட்ட நரம்புக் கோடுகள் ஆழம் குறைவு, தண்ணீர் வழிந்துவிடுகிறது. கொண்டியின் இரு பக்கமும் இருக்கிற இறுக்கமான சுருள்களுக்குள் தண்ணீர் தங்குகிறது, பிரஷ்ஷும் போகாது. சுருள் கேட்பவர்கள் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி விடச் சொல்லுங்கள்.

வளையம் எனக்கு மிகவும் பிடித்தது. 12 மி.மீ. சதுரக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி முறுக்கி வளைத்தது. முறுக்கின் விளிம்புகள் கை பட்டுப் பட்டு மழுங்கி இப்போது பளபளக்கின்றன. மழையில் கை நனைந்திருந்தாலும் வழுக்குவதில்லை. மேற்குப் பார்த்த வாசல் என்பதால் சித்திரை வெயிலில் மாலை நாலு மணிக்குத் தொட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆணியையும் போல்ட்டையும் கையால் அடிக்கச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. உருண்டைத் தலையும் சதுரக் கழுத்துமுள்ள போல்ட் கடையிலேயே கிடைக்கிறது. மரத்தைத் துளைத்துப் பின்னால் வாஷரும் நட்டும் போட்டு முடுக்கினால் போதும். கோடையில் மரம் சுருங்கும்போது ஒருமுறை நட்டை இறுக்க வேண்டும். ஸ்க்ரூ இந்தப் பாரத்துக்கு ஆகாது, நாளடைவில் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எண்ணெய்ப் பூச்சு மட்டும் காணாது. அடித்து முடித்தபின் துத்தநாக முலாம் போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காது என்று முதலிலேயே ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய) பட்டையை வாங்கிக் கொடுத்து அடிக்கச் சொல்லாதீர்கள். உலைச் சூட்டில் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் ஆசாரிக்குக் குளிர்காய்ச்சல் வரும்.