பயோஃபினிட்டி டோரிக் லென்ஸ்: ஒரு கல்யாண போட்டோகிராபரின் அனுபவம்

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் எடுக்கிறவன் நான். கண்ணாடி போட்டுக்கொண்டு வ்யூஃபைண்டரில் பார்த்தால் ஃப்ரேமின் மூலைகள் வெட்டுப்படும். விடியற்காலை முகூர்த்தத்தில் வியர்வையில் கண்ணாடி மூக்கை விட்டு வழுக்கும், ஆவி படிந்து மங்கும். அதனால் கான்டாக்ட் லென்ஸ் எனக்கு ஒரு தொழில் சாமான். இப்போது போடுவது கூப்பர்விஷன் கம்பெனியின் பயோஃபினிட்டி டோரிக், சிலிண்டரையும் சேர்த்துச் சரிசெய்யும் மாதாந்திர லென்ஸ். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர், உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது கண்ணில் எப்படி உட்காருகிறது என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஆளிடம்தான் வாங்க வேண்டும்.

என் கண்ணாடிச் சீட்டில் இரண்டு கண்ணுக்குமே மைனஸ் 5.00, சிலிண்டர் மைனஸ் 2.00, அந்தச் சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம், அதாவது ஆக்சிஸ், 180. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளையாமல், மேல்கீழாகக் கூடுதலாக வளைந்திருக்கிறது. முன்பு ஒரு கடையில் சிலிண்டரில் பாதியைப் பவரோடு சேர்த்து, சாதா லென்ஸாகவே கொடுத்துவிட்டார்கள். "போகப் போகப் பழகிடும் சார்" என்றார்கள். பழகவே இல்லை. வ்யூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் டயாப்டர் வீலை ஒரு பக்கம் திருப்பினால் மண்டபத்துத் தூண்கள் பளிச்சென்று நிற்கும், மேலே உத்தரமும் கீழே படிக்கட்டும் கலங்கிப் போகும். மறுபக்கம் திருப்பினால் படிக்கட்டு தெளியும், தூண் கலங்கும். இரண்டையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் அந்த வீல் சாதா பவரை மட்டும்தான் சரிசெய்யும், சிலிண்டரைத் தொடாது. ஆட்டோஃபோகஸ் இருக்கிறதே என்பார்கள். ஃபோகஸ் பெண்ணின் கண்ணில் விழுந்ததா, நெற்றிச்சுட்டியில் விழுந்ததா என்று பார்க்க வேண்டியது நான்தானே.

டோரிக் பெட்டி வந்தபோது அதில் மைனஸ் 4.75, சிலிண்டர் மைனஸ் 1.75 என்று இருந்தது. தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். கணக்கு சரிதான். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. அந்த இடைவெளி இல்லாமல் போனால் தேவைப்படும் மைனஸ் குறையும். என் கண்ணில் ஒரு திசைக்கு 5, இன்னொரு திசைக்குச் சிலிண்டர் 2 சேர்ந்து 7. ஐந்து 4.72 ஆகிறது, ஏழு 6.46 ஆகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 1.75.

பவரை விடப் பெரிய விஷயம், லென்ஸ் சுழலாமல் நிற்பது. சாதா லென்ஸ் கண்ணில் எப்படிச் சுற்றினாலும் பாதகமில்லை. டோரிக் அப்படியில்லை. 10 டிகிரி திரும்பினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை மிஞ்சும். 30 டிகிரி திரும்பினால் போட்டும் போடாதது போலத்தான். இந்த லென்ஸின் அடிப்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும், இமை அதை அழுத்திக் கீழே நிறுத்தும். விளிம்பில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், மெல்லிய கோடு ஒன்று உண்டு. லென்ஸ் போட்டு ஒரு கால்மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் அந்தக் கோட்டைப் பார்த்த கடைத் தம்பி, "வலது கண்ணுல என் இடது பக்கமா பத்து டிகிரி சாயுதுண்ணே" என்றார். இடப்பக்கம் சாய்ந்தால் ஆக்சிஸில் கூட்ட வேண்டும், வலப்பக்கம் என்றால் கழிக்க வேண்டும். 180-ஓடு 10 கூட்டினால் 190; ஆக்சிஸ் 180-ஓடு முடிந்து மறுபடி தொடங்குவதால் அது 10. வலது கண்ணுக்கு ஆக்சிஸ் 10 வரவழைத்துப் போட்டதும் தூணும் உத்தரமும் ஒருசேரத் தெளிந்தன. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! இந்தக் கோட்டைப் பார்க்காமல் பெட்டியை நீட்டும் கடையில் பணம் கொடுக்காதீர்கள்.

மாப்பிள்ளை அழைப்பில் சீரியல் பல்புகள் இப்போது மேல்கீழாக இழுபடுவதில்லை. ஃபிளெக்ஸ் போர்டில் 'நல்வரவு' என்பதன் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. தரையில் ஒருக்களித்துப் படுத்து எடுக்கும்போது லேசாகக் கலங்கும். எழுந்து நாலு தடவை இமைத்தால் சரியாகிவிடும்.

இந்த ரகத்தில் சிலிண்டர் 2.25 வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் எக்ஸ்ஆர் டோரிக் என்று தனியாக இருக்கிறது. கருவிழி கூம்பாகிப் போனவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்குக் கெட்டி லென்ஸ்தான் பெரும்பாலும் சரிவரும். அதற்கும் கருவிழிக்கும் இடையில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்துவிடும். மெல்லிய லென்ஸோ, கெட்டி லென்ஸோ, குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே தின்றுவிடும்.

இன்னொன்று, மாதக் கணக்கு அந்தந்த லென்ஸின் சீல் வைத்த சின்னப் பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து ஓடும், போட்ட நாட்களை மட்டும் எண்ணக்கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பிரித்த லென்ஸ் டப்பாவிலேயே காலாவதியாகும். அந்த மாதங்களில் மட்டும் நான் தினசரி டோரிக் வாங்கி, பிறந்தநாள், காதுகுத்து என்று கூப்பிடுகிற அன்று போட்டுக் கழற்றி எறிந்துவிடுகிறேன்.