தாளா, திரையா, மென்பொருளா?

ஜனவரி புத்தகக் காட்சிக்குள் நூல் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சென்னையில் முதலில் கைவிடப்படுவது, அச்சுக்கு முந்தைய மாதிரிப் படியில் (மெய்ப்பில்) பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்தம்தான். மென்பொருளில் ஒருமுறை ஓட்டிவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.

மென்பொருளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழைக்கு 'வாணி', சந்திப்பிழைக்கு 'நாவி' என நல்ல கருவிகள் இருக்கின்றன. 'ஔவை'யில் ஔ வர வேண்டிய இடத்தில் ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டியிருந்தால் நம் கண் ஏமாந்துபோகும். கணினிக்கு அது வேறு சொல். ஆனால் 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' இரண்டுமே சரி. கொடுத்தது பணியா, ஈட்டியா என்பது கதையைப் படிப்பவருக்குத்தான் தெரியும்.

திரையில் பிடிஎஃப் பார்ப்பதில் செலவு இல்லை, அலைச்சல் இல்லை. தாம்பரத்தில் இருப்பவர் திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரே பெயர் ஓரிடத்தில் ரஷ்யா, இன்னோரிடத்தில் ருஷ்யா என்று இருந்தால் தேடிப் பிடிக்கலாம். யுனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டைப் பின்பற்றாத பழைய எழுத்துருவில் பக்கம் அமைத்திருந்தால் அந்த வசதியும் போயிற்று.

என் ஓட்டு தாளுக்கே. அதுவும் இருவர் உட்கார்ந்து, ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் பேனாவோடு மெய்ப்பைத் தொடரும் பழைய முறைக்கு. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால், தட்டச்சு செய்பவரின் கண் ஒரு வரியைத் தாண்டிவிடும். எஞ்சியது இலக்கணப்படி சரியாக நிற்கலாம். எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது. ஒப்பிட்டுப் படித்தால் மட்டுமே அகப்படும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூலை மறுபதிப்பு செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்: றா, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் பழக்கமில்லாதவரைத் தடுமாற வைக்கும்.

நூலாசிரியரே மெய்ப்பு பார்ப்பதை நான் ஏற்பதில்லை. தான் எழுத நினைத்ததையே அவர் படிப்பார். கடைசிப் படியில் பத்தி பத்தியாக மாற்றி எழுதவும் தொடங்கிவிடுவார். அது செம்மையாக்கம், அதற்கான கட்டம் முன்பே முடிந்துவிட்டது. ஒரு வரி கூடினால் அடுத்தடுத்த பக்கங்கள் நகரும், பொருளடக்கத்தின் எண்கள் பொய்யாகும்.

கையில் பணமும் நாளும் குறைவென்றால் முதலில் மென்பொருள், பிறகு தாளில் ஒரே ஒருமுறை மெய்ப்பு. குறித்த திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்பதைத் திரையிலேயே சரிபார்க்கலாம். பொருளடக்கத்தையும் அட்டையையும் முதுகுப் பட்டையையும் மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். பலரும் விட்டுவிடும் இடங்கள் அவை.