ஜப்பான் போகும் முன் இரண்டு சனிக்கிழமை: நான் போன ஒரு பயிற்சி வகுப்பு

அம்பத்தூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் 12 வருடமாக இருக்கிறேன். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்த பிறகு, ஜப்பான்காரர்கள் வந்து போவது எங்கள் மாதிரி சப்ளையர்களுக்குப் பழகிப்போன விஷயம். அவர்கள் ஊருக்கே போய் உட்கார்ந்து விலை பேசுவது வேறு. போன வருடம் எங்கள் எம்.டி.யோடு நகோயா பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகவேண்டி வந்தது. அதற்காக நுங்கம்பாக்கத்தில் இரண்டு சனிக்கிழமை நடந்த ஜப்பானிய வணிக நடைமுறை வகுப்பில் சேர்ந்தேன். 7,500 ரூபாய், என் கைக்காசு.

மொத்தம் 14 பேர். சொல்லிக்கொடுத்த அம்மா பல வருடம் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எல்லோரும் அவரை சென்செய் (ஜப்பானிய மொழியில் ஆசிரியர்) என்றுதான் கூப்பிட்டோம்.

முதலில் விசிட்டிங் கார்டு. இரண்டு கையால் கொடுப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. தாம்பூலத்தை ஒற்றைக் கையால் நீட்டினால் வீட்டில் திட்டு விழும். வாங்கிய பிறகுதான் தப்பு செய்கிறோம். வாங்கிய கையோடு பாதிப் பேர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம். நின்றபடி வாங்கி, பெயரைப் படித்துப் பார்த்து, உட்கார்ந்ததும் மேசையில் நம் முன்னால் வைக்கவேண்டுமாம். எதிரே நான்கு பேர் இருந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே நான்கு கார்டும் இருக்கவேண்டும். கூட்டம் முடியும் வரை அதன் மேல் எதுவும் எழுதக்கூடாது. நம் கார்டின் பின்பக்கம், வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர்கள் எழுதும் கதகானா எழுத்தில் பெயர் அடிக்கச் சொன்னார். என் பெயரில் உள்ள 'வேல்' ஜப்பானியர் வாயில் 'பெரு' என்று வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் நடந்ததுதான் என் காசுக்கு முழு மதிப்பு. ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் பேசவிட்டு, செல்போனில் படம் பிடித்து, சத்தத்தை அணைத்துப் போட்டுக் காட்டினார். என்னைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். 'சரி' என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் தலை பக்கவாட்டில் சாய்கிறது. நமக்கு அது சம்மதம். ஜப்பானில் தலையைச் சாய்த்தால் 'சந்தேகமாக இருக்கிறதே' என்று அர்த்தம். எத்தனை வருடமாக ஆடிட்டுக்கு வந்தவர்கள் முன்னால் இப்படித் தலையாட்டியிருக்கிறேன்! அவர்கள் ஏன் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்கள் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் 'ஹாய்' என்பதும் நம் 'உம்' மாதிரிதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், ஒத்துக்கொண்டேன் என்று அல்ல.

அடுத்தது மௌனம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி 30 விநாடி யாரும் வாய் திறக்காமல் உட்காரவேண்டும். எட்டாவது விநாடியிலேயே ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "விலை சொன்ன பிறகு வருகிற இந்த மௌனத்தில்தான் நம் ஆட்கள் தாங்களாகவே ரெண்டு பர்சென்ட் குறைத்துவிடுகிறார்கள்" என்றார் சென்செய்.

நகோயாவில் அப்படியே நடந்தது. நாங்கள் விலை சொன்னதும் பர்சேஸ் மேலாளர் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, தலையைச் சாய்த்து, "முசுகாஷீ தெசு நே" என்றார். 'கஷ்டமாக இருக்கிறதே' என்று அர்த்தம். அங்கே அது முடியாது என்பதற்குச் சமம். நம் ஊரில் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவோமே, அதேதான். எம்.டி. உடனே குறைக்கக் கிளம்பினார். நான் மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தொட்டேன். நிறுத்திக்கொண்டார். பிறகு நாங்கள் விலையைத் தொடவில்லை, மோல்டு (ரப்பர் வார்க்கும் அச்சு) செலவை எத்தனை தவணையில் எடுத்துக்கொள்வது என்று பேசினோம். அது நகர்ந்தது.

குறையும் சொல்லவேண்டும். 15 டிகிரி, 30 டிகிரி, 45 டிகிரி என்று குனிவதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. நகோயாவில் இளம் இன்ஜினியர்கள் சிலர் எங்களைப் பார்த்ததும் கையைத்தான் நீட்டினார்கள். இரவு விருந்தைப் பற்றிப் பத்தே நிமிடம். நான் குடிப்பதில்லை, என் போன்றவர்கள் என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. ஊலாங் டீ வாங்கிக்கொண்டு, எல்லோரும் 'கம்பாய்' (நம் 'சியர்ஸ்' மாதிரி) சொல்லும் வரை காத்திருந்து, பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியானால் ஊற்றிக் கொடுத்தால் போதும் என்பதை அங்கே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீடியோ காலில் எப்படி நடந்துகொள்வது என்றும் ஒரு வார்த்தை இல்லை. இப்போது பாதிப் பேச்சு அதில்தானே நடக்கிறது?

அப்புறம், கம்பெனியிலிருந்து ஒருவர் மட்டும் இந்த வகுப்புக்குப் போகாதீர்கள். முடிவெடுக்கிறவரையும் கூட்டிப் போங்கள். யார் எங்கே உட்காருவது என்பதை நான் படித்திருந்தேன், எம்.டி. படிக்கவில்லை. அவர் அடக்கமாக வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போக, அவர்கள் பதறிப்போய் உள்பக்கம் கைகாட்டினார்கள். வாசலுக்குத் தூரமான இடம்தான் அங்கே விருந்தாளிக்கு.

அடுத்த மாதம் டூல் ரூமிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள். அவர்களுக்கும் இதே வகுப்பைச் சொல்லியிருக்கிறேன். எம்.டி.யும் சேர்கிறார். இந்த முறை பணத்தைக் கம்பெனியே கட்டிவிட்டது.