புதன்கிழமை ஊசி: எங்கள் ஊர் துணை சுகாதார நிலையம்

திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். என் பெரிய அத்தைக்கு 4 வயதில் மணல்வாரி அம்மை, அதாவது தட்டம்மை, கண்டது. வாசலில் வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அம்மை இறங்கியது, ஆனால் வலது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது, வலது காதும் போயிற்று. இன்றும் அத்தையிடம் பேச இடது பக்கம் போய்த்தான் நிற்க வேண்டும்.

அதனால் மகளுக்கு 9 மாதம் முடிந்ததுமே தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செவிலியர் அக்கா மருந்தைக் கலக்கி, குப்பி மேல் நேரத்தை எழுதினார். “4 மணி நேரம்தாம்மா, அப்புறம் மிச்சமிருந்தாலும் போடக்கூடாது” என்றார். வலது கையில் ஊசி, வாயில் 1 மில்லி வைட்டமின் ஏ. அது கண்ணுக்குக் காவல். 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்குங்கள். ரூபெல்லாவை லேசாக நினைக்காதீர்கள். கர்ப்பிணிக்கு வந்தால் பிள்ளை கண்புரையோடும் காது கேளாமலும் பிறக்கலாம்.

குறை என்றால் இடம்தான். ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள், சரிதான்; சித்திரை வெயிலில், இரண்டே பெஞ்சில், மின்விசிறி இல்லாமல் கைக்குழந்தையோடு எப்படி இருப்பது?

காசு ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த தவணை 16 மாதத்தில், கார்த்திகையில் வருகிறது. அங்கேதான் போவேன்.