சிவிலைசேஷன் 5: மக்கள் முகம் சுளித்தால் ராஜ்ஜியம் நகராது

ஒரு நாட்டைக் கட்டி வளர்க்கும் கணினி வியூக விளையாட்டான சிவிலைசேஷன் 5 வந்தது 2010இல். அப்புறம் ஆறு வந்துவிட்டது, ஏழும் வந்துவிட்டது, ஆனாலும் நான் திரும்பத் திரும்ப ஆடுவது ஐந்தைத்தான். திரையின் மேல்பட்டையில் தங்கக் காசுக்குப் பக்கத்தில் இருக்கிற, மக்களின் மகிழ்ச்சியைக் காட்டும் அந்தச் சிரித்த முகம்தான் காரணம்.

நாலாவது பாகத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி மகிழ்ச்சி. ஐந்தில் மொத்த ராஜ்ஜியத்துக்கும் ஒரே கணக்கு. சாதாரண அளவு மேப்பில் ஒரு நகரம் போட்டால் 3 அதிருப்தி, அதில் பிறக்கிற ஒவ்வொரு குடிமகனுக்கும் இன்னொரு 1. இதைச் சமாளிக்க முதல் வழி பட்டு, திராட்சை, தந்தம் மாதிரி ஆடம்பரப் பொருட்கள். ஒரு வகைக்கு 4 மகிழ்ச்சி கிடைக்கும், ஆனால் அதே பொருளை இரண்டாவதாக எடுத்தால் ஒன்றும் கூடாது. அதனால் உபரிப் பட்டைப் பக்கத்து ராஜாவிடம் கொடுத்து அவருடைய உப்பை வாங்க வேண்டும், அதற்கு அவரோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும், எல்லையில் படையைக் குவித்து முறைக்கக் கூடாது. ஒரு சின்ன எண் என்னை ராஜதந்திரம் பேச வைக்கிறது. இந்த டிசைன் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மகிழ்ச்சிக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் நகரங்களின் வளர்ச்சி கால்வாசியாகக் குறையும், படையும் பலமிழக்கும். மைனஸ் 10ஐத் தொட்டால் வளர்ச்சியே நின்று, நம் மண்ணிலேயே கலகக்காரர்கள் முளைப்பார்கள்.

இதை முழுசாகப் புரிந்துகொள்ள கேமில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தியை எடுத்து ஆடிப் பாருங்கள். இந்தியாவுக்கு நகரங்களால் வரும் அதிருப்தி இரண்டு மடங்கு, மக்கள்தொகையால் வருவது பாதி. 6 பேர் இருக்கும் நகரத்துக்கு மற்றவர்களுக்கும் 9, நமக்கும் 9. அதுவே 20 பேர் ஆகும்போது அவர்களுக்கு 23, நமக்கு 16தான். ஆக, ஆரம்பத்தில் மூச்சு முட்டும், பொறுமையாக மூணு நாலு பெரிய நகரங்களை வளர்த்தால் பிற்பாதியில் பறக்கலாம். மற்ற நாடுகளை எடுத்து ஆடுகிற அதே ஆட்டத்தை இங்கே ஆட முடியாது, ஒரு நாட்டின் தனித்தன்மை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கேமின் குறை இருப்பதும் இங்கேதான். நாலு நகரம் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு கேம் அள்ளிக் கொடுக்கிறது, பரந்து விரிய நினைப்பவரைப் போட்டு நசுக்குகிறது. போதாததற்கு பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற கூடுதல் தொகுப்பு வந்தபிறகு ஒவ்வொரு கூடுதல் நகரத்துக்கும் ஆராய்ச்சிச் செலவு 5% ஏறுகிறது. போரில் ஜெயித்துப் பிடித்த நகரத்தை முழுசாக இணைத்துக்கொண்டால், நீதிமன்றம் கட்டி முடிக்கும்வரை அது தரும் அதிருப்தி மொத்த நாட்டையும் கீழே இழுக்கும். அதனால் பிடித்ததும் நாம் நேரடியாக நிர்வகிக்காத பொம்மை அரசாக விட்டுவிடுங்கள், பிறகு நல்ல நகரமாகப் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்கலாம். இதையெல்லாம் நாம் படும்போது கணினி ஆடும் நாடுகளுக்கு மட்டும் மகிழ்ச்சியில் தனிச் சலுகை. இது நியாயமே இல்லை.

பிரேவ் நியூ வேர்ல்ட் செய்த பெரிய நல்லது, சித்தாந்தங்கள். சுதந்திரம், ஒழுங்கு, சர்வாதிகாரம் என்று மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். வேறு சித்தாந்தம் எடுத்த நாட்டின் கலாச்சாரம் நம்மைவிட ஓங்கியிருந்தால் நம் மக்கள் அதைப் பார்த்து ஏங்க ஆரம்பிப்பார்கள், அதிருப்தி கிடுகிடுவென ஏறும், முற்றினால் ஒரு நகரமே அந்தப் பக்கம் போய்விடும். அதுவரை கலாச்சாரத்தைக் கண்டுகொள்ளாமல் பீரங்கி மட்டும் செய்துகொண்டிருந்தவர்கள் திண்டாடும் இடம் இது. மகிழ்ச்சி என்பது வெறும் பட்டு, உப்புக் கணக்கு இல்லை, மக்கள் மனசு என்று இந்தக் கட்டத்தில்தான் கேம் உண்மையிலேயே காட்டுகிறது.

ஆறில் இதை ஒவ்வொரு நகரத்துக்கும் பிரித்துவிட்டார்கள், ஒரு ஆடம்பரப் பொருள் நாலு நகரங்களுக்குப் போகும். விரிவாக ஆடுகிறவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை, ஆனால் அந்த ஒற்றை எண் தரும் பதைப்பு அதில் இல்லை. ஐந்தை வாங்குவதாக இருந்தால் வெறும் கேமை வாங்காதீர்கள். காட்ஸ் அண்ட் கிங்ஸ், பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற இரண்டு கூடுதல் தொகுப்புகளும் சேர்ந்ததாக, தள்ளுபடி வரும்போது வாங்குங்கள்.