புகையா, கொசுவா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் யாருக்காவது டிங்கி என்று தெரிந்துவிட்டால், கொசு மருந்துப் புகை அடிக்க ஆள் வந்துவிடுவார்கள். உடனே பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிடுவார். புகை நடைபாதையோடு போய்விடும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ உள்ளே, கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டையில் சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

புகை பட்டாலும் பறக்கும் கொசுதான் சாகும். வாளி விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். கோலாலம்பூர் ஏடிஸுக்கு மருந்தும் பழகிவிட்டது. ஆனாலும் புகைதான் வேண்டும் என்கிறோம், ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதே!

இன்னொரு வழி வொல்பாச்சியா. பல பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே இருக்கும் பாக்டீரியா இது. இதை ஏற்றிய ஏடிஸில் டிங்கி வைரஸ் சரியாகப் பெருகாது. வொல்பாச்சியா தாய்க்கொசு வழியாகக் குஞ்சுக்கும் போகும். 2017-இல் கோலாலம்பூரை ஒட்டிய கெராமாட் ஏயூ2 பக்கம் இந்தக் கொசுக்களை விட ஆரம்பித்தார்கள். கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமுமாக ஆறு இடங்களில் நடந்த சோதனையில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது.

“கொசுவ ஒழிக்கச் சொன்னா, கொண்டாந்து விடுறாங்களா?” என்றார் அக்கா. நியாயமான கேள்வி. பெண் கொசுவையும் விட்டால்தான் பரம்பரை ஓடும், பெண் கொசு கடிக்கவும் செய்யும். அப்புறம், ஊன்றிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது. சிங்கப்பூர் வொல்பாச்சியா ஏற்றிய ஆண் கொசுவை மட்டும் விடுகிறது, அதோடு சேரும் ஊர்ப் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. கடியில்லை, வேண்டாம் என்றால் நிறுத்தலாம். ஆனால் கொசு குறைந்தே இருக்க வேண்டுமென்றால் வளர்த்து வளர்த்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், செலவு ஓயாது.

எனக்கு வொல்பாச்சியாதான் சரி என்று படுகிறது. 2019-இல் மலேசியாவில் 1,30,000 பேருக்கு மேல் டிங்கி, 182 பேர் இறந்தார்கள். புதிய வழியின் ஆபத்தைத் துருவித் துருவிக் கேட்கிறோம், இந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவது? ஆனால் கடி வாங்கப்போவது ஒரு குடியிருப்புக்காரர்கள், பலன் பிறகுதான் வரும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்காமல் ஒரு டப்பாவைக்கூடத் திறக்கக்கூடாது. கொசு ஊன்றும் வரை அங்கே புகையும் அடிக்கக்கூடாது, விட்ட கொசுவே செத்துவிடும்.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிடா, அதுவரைக்கும் நான் கொசுவத்தி கொளுத்தலாமா கூடாதா?” என்றார்.